வெப்பத்துக்கு யார் பொறுப்பு? விஞ்ஞானிகள் கணக்குப் போடும் விதம்

2025 ஜூலை 29 அன்று அமெரிக்காவில் ஒரே நாளில் இரண்டு காரியங்கள் நடந்தன. கரியமில வாயு போன்ற, சூட்டைப் பிடித்துவைக்கும் பசுங்குடில் வாயுக்கள் மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்தானவை என்று 2009 டிசம்பரில் தான் எடுத்த முடிவைத் திரும்பப் பெற, அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முன்மொழிந்தது. அதே நாளில் எரிசக்தித் துறை, ஜான் கிறிஸ்டி, ஜூடித் கர்ரி, ஸ்டீவன் கூனின், ராஸ் மெக்கிட்ரிக், ராய் ஸ்பென்சர் என்ற ஐந்து பேர் எழுதிய ஆய்வறிக்கையை வெளியிட்டது. கரியமில வாயுவால் வரும் சூடு, பொதுவாக நம்பப்படும் அளவுக்குப் பொருளாதாரத்தைப் பாதிக்கவில்லை என்பது அதன் முக்கிய வாதங்களில் ஒன்று. செப்டம்பர் தொடக்கத்தில் 85க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் சேர்ந்து 400 பக்கங்களுக்கு மேல் மறுப்பு எழுதினார்கள். அதே மாதம் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களும் ஓர் அறிக்கை வெளியிட்டு, 2009 முடிவு சரியானதே, அதற்கான சான்று இன்று இன்னும் வலுவாகியிருக்கிறது என்றன.

செய்தியை மேலோட்டமாகப் படிப்பவருக்கு, "அப்படியானால் இது இன்னும் முடிவாகாத விஷயமா?" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஐந்து பேரில் யாருமே, கரியமில வாயு பூமியைச் சூடாக்காது என்று எழுதவில்லை. சண்டை நடப்பது வேறு இடத்தில். எந்த இடத்தில் என்று பார்க்க அடிப்படையிலிருந்து வருவோம்.

ஒரே கேள்வி போலத் தோன்றும் நாலு கேள்விகள்

"காலநிலை மாற்றத்துக்கு மனிதர்தான் காரணமா?" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் நாலு கேள்விகள் இருக்கின்றன.

1. காற்றில் கூடியிருக்கும் கரியமில வாயு மனிதர் விட்டதுதானா?
2. பூமி சூடானதற்கு அந்த வாயு காரணமா, அல்லது சூரியன், எரிமலை, கடலின் இயல்பான ஏற்ற இறக்கம் இவையெல்லாம் காரணமா?
3. வாயு இன்னும் கூடினால், இன்னும் எவ்வளவு சூடாகும்?
4. போன மாதம் நம்ம ஊரில் கொட்டிய பேய்மழைக்கும் அதுதான் காரணமா?

முதல் கேள்விக்குப் பதில் முடிந்துவிட்டது. இரண்டாவதுக்கும் அநேகமாக அப்படியே. மூன்றாவதுக்கு ஒரே எண் கிடையாது, ஒரு வரம்புதான் உண்டு. நான்காவதுக்கான பதில் ஊருக்கு ஊர், மழைக்கு மழை மாறும். குழப்பம் வருவது இங்கேதான்: ஒரு தரப்பு நான்காவதில் இருக்கும் சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து முதலாவதின் தலையில் போடுகிறது, இன்னொரு தரப்பு முதலாவதின் உறுதியை எடுத்து நான்காவதில் ஒட்டுகிறது. இரண்டாவது வகைத் தப்பு நம் பத்திரிகைகளிலும் தாராளமாக நடக்கிறது.

வாயு யாருடையது: ஒரு வரவு செலவுக் கணக்கு

1958இல் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற வேதியியலாளர், ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315, அதாவது 315 பிபிஎம். தொழிற்புரட்சிக்கு முன்பு அது சுமார் 280ஆக இருந்தது. துருவப் பனிக்குள் அடைபட்ட பழைய காற்றுக் குமிழிகளை உடைத்துப் பார்த்துச் சொல்லும் எண் அது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

காற்றில் ஒரு பிபிஎம் ஏற, சுமார் 780 கோடி டன் கரியமில வாயு வேண்டும். அண்மைய ஆண்டுகளில் வருடத்துக்குச் சுமார் 2.5 பிபிஎம் ஏறுகிறது. பெருக்கினால் ஏறக்குறைய 1,950 கோடி டன். நாம் நிலக்கரி, பெட்ரோலிய எண்ணெய், எரிவாயு எரித்தும் சிமென்ட் செய்தும் விடுவதோ ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். காடழிப்பையும் சேர்த்தால் 4,000 கோடியைத் தொடும்.

அதாவது விட்டதில் பாதிகூடக் காற்றில் தங்கவில்லை. மாதா மாதம் வங்கியில் 4,000 ரூபாய் போடுகிறீர்கள், கணக்கில் 2,000 மட்டும் ஏறுகிறது என்றால், வேறு யாரோ அதிலிருந்து எடுக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வேறு யாரோ உங்களுக்காகப் பணம் போடுகிறார்கள் என்று சொல்ல முடியாது. இங்கே எடுப்பது கடலும் காடும் மண்ணும். "இயற்கைதான் வாயுவைக் கூட்டுகிறது" என்ற வாதம் இந்தக் கூட்டல் கழித்தலிலேயே விழுந்துவிடுகிறது. எரிமலைகள் விடுவது மனிதர் விடுவதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இதற்கு வேதியியல் சாட்சியும் உண்டு. உயிருள்ள மரத்தில் கார்பன்-14 இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்துகிடந்த நிலக்கரியில் அது முழுக்கச் சிதைந்து போயிருக்கும். எனவே நிலக்கரிப் புகை காற்றில் கலக்கக் கலக்க, காற்றின் கார்பன்-14 பங்கு குறைய வேண்டும். குறைந்திருப்பதை ஹான்ஸ் சூஸ் 1955லேயே காட்டினார். எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டுமே, அது குறைகிறதா? குறைகிறது. அதை அளந்து காட்டியவர் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங். நமக்கு மூச்சு முட்டும் அளவுக்கெல்லாம் இல்லை, கருவிக்குத் தெரியும் அளவுக்குத்தான்.

சூடு யாருடையது: கைரேகை பார்ப்பது

இரண்டாவது கேள்வி இவ்வளவு சுலபமில்லை. வாயுவும் கூடியது, வெப்பமும் கூடியது என்பதால் மட்டும் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. விஞ்ஞானிகள் செய்வது, திருட்டு நடந்த வீட்டில் கைரேகை எடுப்பதைப் போன்ற வேலை. வெப்பம் எத்தனை டிகிரி கூடியது என்பது மட்டும் அவர்களுக்குப் போதாது. எங்கே கூடியது, எங்கே குறைந்தது, எந்த நேரத்தில் கூடியது என்ற வடிவத்தைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு காரணமும் ஒவ்வொரு வடிவத்தை விட்டுப் போகும்.

1. மேலே குளிர்ச்சி. சூரியன் கூடுதலாகக் காய்ந்திருந்தால் வளிமண்டலம் அடியிலிருந்து உச்சிவரை சூடாகியிருக்கும். கரியமில வாயு காரணமென்றால் கீழே சூடாகி, ஸ்ட்ராடோஸ்பியர் எனப்படும் மேலடுக்கு குளிர வேண்டும். கம்பளி போர்த்தியவருக்கு உள்ளே சூடு, கம்பளியின் வெளிப்புறம் சில்லென்று இருப்பதுபோல. இதை சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெத்தரால்டும் 1967இல், செயற்கைக்கோளால் அளக்க வழி வருவதற்கு முன்பே, கணக்கிட்டுச் சொன்னார்கள். பிறகு வந்த செயற்கைக்கோள்கள் அப்படியே காட்டின. ஒரு சின்னத் திருத்தம் உண்டு: மேலடுக்கின் அடிப்பகுதி குளிர்ந்ததில் ஓசோன் குறைந்ததற்கும் பெரிய பங்கு இருக்கிறது. இன்னும் மேலே போகப் போகக் கரியமில வாயுவின் தடம் தெளிவாகிறது.

2. கடலுக்குள் போன சூடு. கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல் வாங்கிக்கொண்டது. காற்று சூடானது கடலின் இயல்பான புரளலால் என்றால், கடல் அந்தச் சூட்டை இழந்திருக்க வேண்டும். உலகக் கடல்களில் மிதக்கும் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம்வரை முங்கி எழுந்து அளக்கின்றன. அவை காட்டுவது, கடலும் சேர்ந்தே சூடாகிறது என்பதை. கொடுத்தவர் கையிலும் பணம் கூடினால், பணம் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது.

3. சூரியன் அசையவில்லை. 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை நேரடியாக அளக்கின்றன. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். 11 ஆண்டுச் சுழற்சியில் இது 0.1 சதவீதம் அளவுக்கு ஏறி இறங்குகிறது. வெப்பம் ஏறிய இத்தனை ஆண்டுகளில் சூரியனில் ஏறுமுகம் இல்லை.

4. இரவு. பகலைவிட இரவுகள் வேகமாகச் சூடாகியிருக்கின்றன. இதைப் பலர் முதல் சாட்சியாகச் சொல்கிறார்கள். ஆனால் மேகம், தூசு, நகரக் கட்டடங்கள் எல்லாமே இரவு வெப்பத்தைப் பாதிக்கும் என்பதால் இது நாலிலும் பலவீனமான சாட்சி.

1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்தது, யாரும் திட்டமிடாத ஒரு பரிசோதனையாக அமைந்தது. அது விட்ட கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்து, உலகச் சராசரி வெப்பத்தைத் தற்காலிகமாக அரை டிகிரி அளவுக்குக் குறைக்கும், பிறகு பழைய நிலைக்கு வரும் என்று காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சனின் குழு 1992 தொடக்கத்தில் முன்கூட்டியே சொன்னது. நடந்தது ஏறக்குறைய அதுதான். நடந்து முடிந்த பிறகு விளக்கம் சொல்வது யாராலும் முடியும். நடக்கும் முன் எழுதிக் கொடுத்தது என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

கண்டறிதல் வேறு, காரணம் காட்டல் வேறு

இத்துறையில் இரண்டு சொற்கள் எப்போதும் ஜோடியாக வரும். இயல்பான ஏற்ற இறக்கத்தை மீறி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது என்று உறுதிசெய்வது கண்டறிதல். அந்த மாற்றத்தில் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது காரணம் காட்டல். முதலாவது இல்லாமல் இரண்டாவதுக்குப் போவது ஆபத்து.

இந்தக் கணக்குக்கு வழி போட்டவர் ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாஸ் ஹாசல்மன். திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் சத்தத்துக்கு நடுவிலும் தன் பிள்ளை அழுவது தாய்க்குக் கேட்கும். பிள்ளையின் குரல் பெரிது என்பதால் அல்ல, அந்தக் குரலின் சாயல் அவளுக்குத் தெரியும் என்பதால். ஹாசல்மனின் முறையும் அதேதான்: எதிர்பார்க்கும் வடிவத்தை முதலில் எழுதிக்கொண்டு, இயல்பான ஏற்ற இறக்கம் என்ற இரைச்சலுக்குள் அந்த வடிவம் இருக்கிறதா என்று தேடுவது. அவருக்கும் மனாபேவுக்கும் 2021இல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதி ஜார்ஜோ பரிசிக்கு.

காலநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கணக்குக்குக் கணினி மாதிரி என்று பெயர். "எல்லாம் கணினி மாதிரிதானே, போட்டதுதானே வரும்?" என்ற ஆட்சேபம் அடிக்கடி எழும். பாதி நியாயமான ஆட்சேபம். கணினி மாதிரியிலிருந்து எடுப்பது வடிவத்தை. அந்த வடிவம் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்ற அளவை, உண்மையில் அளந்த வெப்பமானிப் பதிவுகளே முடிவு செய்கின்றன. மாதிரி இரண்டு மடங்கு மிகைப்படுத்தினால், கணக்கு அதைப் பாதியாகக் குறைத்துவிடும். ஆனால் இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு பெரியது என்பதைப் பெரும்பாலும் மாதிரிகளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மனிதர் தலையிடாத இன்னொரு பூமி அளப்பதற்குக் கிடையாது. உண்மையான பலவீனம் அங்கே இருக்கிறது. மேலே சொன்ன ஐவரில் ஒருவரான பொருளியலாளர் மெக்கிட்ரிக், இந்த முறையின் புள்ளியியல் அடித்தளத்தையே 2021இல் கேள்வி கேட்டார். அது படிக்க வேண்டிய விமர்சனம். ஆனால் மேலடுக்கு, கடல், சூரியன் என்ற சாட்சிகள் அந்தப் புள்ளியியலை நம்பி நிற்கவில்லை.

சரி, கணக்கின் முடிவு என்ன? 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2010–2019 பத்தாண்டு 1.06 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடு. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவான ஐபிசிசி, 2021 ஆகஸ்டில் அதை இப்படிப் பிரித்தது:

1. பசுங்குடில் வாயுக்கள் சூடாக்கியது 1.0 முதல் 2.0 டிகிரி.
2. புகை, கந்தகம் போன்ற நுண்துகள்களும், அவற்றோடு சேர்த்த பிற மனிதக் காரணங்களும் குளிர்வித்தது 0.0 முதல் 0.8 டிகிரி.
3. சூரியனும் எரிமலையும் சேர்ந்து, கூட்டியோ குறைத்தோ, 0.1 டிகிரிக்குள்.
4. இயல்பான உள் ஏற்ற இறக்கம் 0.2 டிகிரிக்குள்.

மனிதர் பங்கு மொத்தம் 1.07 டிகிரி, வரம்பு 0.8 முதல் 1.3. அதாவது நடந்த சூட்டில் ஏறக்குறைய முழுவதும். வாயுக்கள் மட்டும் இன்னும் அதிகமாகச் சூடாக்கியிருக்கும், புகை கொஞ்சம் மறைத்து வைத்திருக்கிறது. இந்த "மறைத்து வைத்தல்" பின்னால் மறுபடி வரும்.

சொற்களுக்கு எடை போடும் குழு

ஐபிசிசி சொந்தமாக ஆராய்ச்சி செய்வதில்லை. 1988இல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து தொடங்கிய இக்குழு, வெளியான ஆய்வுகளைப் படித்து மதிப்பிடுகிறது. 2021 அறிக்கையை 234 பேர் எழுதினார்கள். 14,000க்கும் மேற்பட்ட ஆய்வுகள், 78,007 மறுஆய்வுக் கருத்துகள். சுருக்கத்தை மட்டும் 195 நாட்டு அரசுகள் உட்கார்ந்து வரி வரியாக ஒப்புக்கொள்கின்றன.

அதில் வரும் சொற்கள் அளவுகோல் வைத்தவை. "வாய்ப்புண்டு" என்றால் 66 சதவீதத்துக்கு மேல், "மிக வாய்ப்புண்டு" 90க்கு மேல், "மிக மிக வாய்ப்புண்டு" 95க்கு மேல். அறிக்கைக்கு அறிக்கை அந்தச் சொல் எப்படி ஏறியது என்று பார்த்தால் இந்தத் துறையின் முப்பதாண்டுக் கதை தெரிந்துவிடும். 1990இல், மனிதர் பங்கை உறுதியாகச் சொல்ல இன்னும் காலம் வேண்டும் என்ற நிலை. 1995இல், சான்றுகளை எடைபோட்டால் மனிதர் தாக்கம் "கண்ணுக்குத் தெரிகிறது". 2001இல் வாய்ப்புண்டு, 2007இல் மிக வாய்ப்புண்டு, 2013இல் மிக மிக வாய்ப்புண்டு. 2021இல் சதவீதமே போடவில்லை, ஐயத்துக்கு இடமில்லை என்றே எழுதினார்கள்.

1995இல் மாட்ரிட் கூட்டத்தில் "கண்ணுக்குத் தெரிகிற" என்ற அந்த ஒற்றை உரிச்சொல்லுக்காகப் பெரிய இழுபறி நடந்தது. சவூதி அரேபியாவும் குவைத்தும் மென்மையான சொல் கேட்டன. அத்தியாயத்தை ஒருங்கிணைத்த பென் சான்டர் மீது, அறிக்கையைக் கூட்டத்துக்குப் பிறகு திருத்திவிட்டார் என்ற குற்றச்சாட்டு 1996இல் எழுந்தது. மறுஆய்வுக் கருத்துகளுக்கு ஏற்பத் திருத்துவது நடைமுறையே என்று ஐபிசிசி தலைவர்கள் பதில் சொன்னார்கள். அரசுகள் கையொப்பமிடும் சுருக்கத்தில் அரசியல் இருக்காதா என்றால், இருக்கும். ஆனால் எண்ணெய் விற்கும் நாடுகளும் அதே மேசையில் உட்கார்ந்திருப்பதால், அந்த அரசியல் வாக்கியத்தைக் கூர்மையாக்குவதைவிட மழுங்கடிக்கவே அதிகம் பயன்படுகிறது.

ஒரு சண்டை எப்படித் தீர்ந்தது

அறிவியல் விவாதம் என்றால் இரு தரப்பும் மேடையில் பேசிக் கைதட்டல் வாங்குவது என்ற எண்ணம் நமக்கு, பட்டிமன்றம் பார்த்துப் பழகியதால். ஆனால் இங்கே தீர்ப்பு சொல்லும் நடுவர் இல்லை. எப்படித் தீரும் என்பதற்கு ஓர் உதாரணம்.

1990இல், மேலே சொன்ன ஐவரில் இருவரான ஸ்பென்சரும் கிறிஸ்டியும் ஒரு புதுமையான வேலை செய்தார்கள். செயற்கைக்கோள்கள் அளந்த நுண்ணலைகளிலிருந்து வளிமண்டலத்தின் வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். தரையில் வெப்பமானிகள் சூடு காட்ட, வானத்தில் ஏறக்குறைய மாற்றமே இல்லை என்று வந்தது. 1990கள் முழுக்க இது சந்தேகவாதிகளின் பெரிய ஆயுதம். நியாயமான ஆயுதம்தான், கீழே சூடாகி அதற்கு மேல் காற்று சூடாகவில்லை என்றால் கோட்பாட்டில் எங்கோ கோளாறு.

பிறகு மற்றவர்கள் அதே தரவை எடுத்துத் தோண்டினார்கள். செயற்கைக்கோள்கள் மெல்ல உயரம் இழப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று 1998இல் தெரிந்தது. அடுத்தது இன்னும் நுட்பமானது. செயற்கைக்கோள் ஓர் இடத்துக்கு மேலே போகும் உள்ளூர் நேரம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். மதியம் இரண்டு மணிக்கு அளந்தது, சில வருடம் கழித்து நாலு மணிக்கு அளந்தால், ஊர் குளிர்ந்ததுபோலத் தோன்றும். இதற்கான திருத்தத்தில் பிழை இருப்பதை 2005இல் கார்ல் மியர்சும் பிராங்க் வென்ட்சும் காட்டினார்கள். ஸ்பென்சரும் கிறிஸ்டியும் பிழையை ஏற்றுத் திருத்தினார்கள். அவர்களுடைய தொகுப்பே இன்று பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி உயர்வைக் காட்டுகிறது.

தரை வெப்பமானிகள் மீதும் சந்தேகம் இருந்தது. வயல் நடுவே இருந்த நிலையம் இப்போது தார்ச்சாலை ஓரத்தில், ஏசி வெளிக்காற்று படும் இடத்தில் இருந்தால்? இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் இந்தச் சந்தேகத்தோடுதான் பெர்க்லி எர்த் என்ற குழுவைத் தொடங்கினார். நிதியில் ஒரு பகுதி எண்ணெய்த் தொழில் பின்னணி கொண்ட கோக் குடும்ப அறக்கட்டளை ஒன்றிலிருந்து வந்தது. எல்லா நிலையங்களின் பதிவுகளையும் புதிதாகக் கணக்கிட்டார். பழைய முடிவேதான் வந்தது. 2012இல், தன் கருத்தை மாற்றிக்கொண்டதாகவும், சூட்டுக்குக் காரணம் ஏறக்குறைய முழுக்க மனிதரே என்றும் அவரே எழுதினார்.

இன்னும் தீராதவை

மூன்றாவது கேள்விக்கு வருவோம். கரியமில வாயு இரட்டிப்பானால் கடைசியில் எத்தனை டிகிரி ஏறும் என்பதற்குக் காலநிலை உணர்திறன் என்று பெயர். 1979இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. 2013இலும் ஐபிசிசி சொன்னது அதே 1.5 முதல் 4.5. முப்பத்து நாலு வருடம் இவ்வளவு கணினிகள் ஓடியும் வரம்பு பழைய இடத்திலேயே வந்து நின்றது! காரணம் மேகம். வெள்ளை மேகம் ஒளியைத் திருப்பியும் அனுப்பும், சூட்டைப் பிடித்தும் வைக்கும். பூமி சூடானால் தாழ்ந்த மேகங்கள் கூடுமா குறையுமா என்பதில்தான் விடை தொங்கியது. 2021இல் வரம்பு 2.5 முதல் 4 என்று சுருங்கியது. நடு மதிப்பீடு 3. அப்போது வந்த புதிய மாதிரிகளில் சில 5 டிகிரியைத் தாண்டின. ஐபிசிசி அவற்றின் சராசரியை அப்படியே எடுக்காமல், பழைய காலநிலைத் தடயங்களையும் அளவீடுகளையும் வைத்துக் கட்டுப்படுத்தியது. "மாதிரிகள் மிகையாகச் சுடுகின்றன" என்ற ஐவரின் புகார், மைய நீரோட்ட விஞ்ஞானிகளே சில மாதிரிகளைப் பற்றி ஏற்கெனவே சொன்ன விஷயம்.

அப்புறம் நுண்துகள்கள். இவை எவ்வளவு குளிர்விக்கின்றன என்பதில் வரம்பு மிகப் பெரிது: சதுர மீட்டருக்கு 0.4 முதல் 1.7 வாட்வரை. நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரிதான் ஏறியது என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீடு சொல்கிறது. உலகச் சராசரியைவிடக் குறைவு. அடுப்புப் புகை, அனல்மின் நிலையப் புகை, வயல் எரிப்பு எல்லாம் சேர்ந்து நமக்கு மேல் ஒரு அழுக்குக் குடை பிடித்திருக்கின்றன.

2023லும் 2024லும் உலக வெப்பம் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தாவியது. 2024 சராசரி, 1850–1900ஐவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்றது உலக வானிலை அமைப்பு. பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடாகும் எல் நினோ ஒரு காரணம், சரி. மிச்சம்? கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 2020இல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைந்ததால் கடல்மேல் புகைத் திரை விலகியதா? தாழ்ந்த மேகங்கள் குறைந்தனவா? சூடாகும் வேகமே கூடிவிட்டது என்கிறார் ஹான்சன்; அப்படிச் சொல்லப் போதிய சான்றில்லை என்கிறார் இன்னொரு காலநிலை விஞ்ஞானி மைக்கேல் மன். இருவருமே, மனிதர்தான் காரணம் என்பதில் ஒரே பக்கம். இப்போது நடக்கும் அசல் விவாதம் இதுதான்.

ஒரே மழையைக் கூண்டில் ஏற்றுவது

நான்காவது கேள்வி. 2003 ஜனவரியில் தேம்ஸ் ஆற்று வெள்ளம் ஆக்ஸ்ஃபோர்டில் தன் வீட்டுப் பக்கம் ஏறிவந்தபோது, இதற்கு யார் நஷ்டஈடு தருவது என்று யோசித்தார் இயற்பியலாளர் மைல்ஸ் ஆலன். தனி நிகழ்வுகளுக்குக் காரணம் காட்டும் துறை அங்கிருந்துதான் புறப்பட்டது. முறை இதுதான்: மனிதர் வாயு விட்ட உலகம் ஒன்று, விடாத உலகம் ஒன்று என்று கணினியில் இரண்டையும் பல்லாயிரம் தடவை ஓட்டு. அந்த அளவு வெயிலோ மழையோ இரண்டிலும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணு. 2003 ஐரோப்பிய வெப்ப அலைக்கு 2004இல் போட்ட கணக்கு, மனிதர் தாக்கம் அதன் வாய்ப்பைக் குறைந்தது இரட்டிப்பாக்கியிருக்க மிக வாய்ப்புண்டு என்றது.

கேள்வியை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்பதற்கு 2010 ரஷ்ய வெப்ப அலை நல்ல பாடம். அது பெரும்பாலும் இயற்கை என்றது ஒரு குழு. மாஸ்கோவின் அந்தச் சாதனை வெப்பம், புவி சூடாகாமல் இருந்திருந்தால் 80 சதவீத வாய்ப்பில் நடந்தே இருக்காது என்றது இன்னொன்று. பத்திரிகைகள் "விஞ்ஞானிகள் மோதல்" என்று எழுதின. 2012இல் ஃபிரெடரிக்கா ஓட்டோவும் சகாக்களும் முடிச்சை அவிழ்த்தார்கள்: முதல் குழு கேட்டது "எத்தனை டிகிரி மனிதரால்?", இரண்டாவது குழு கேட்டது "எத்தனை மடங்கு வாய்ப்பு மனிதரால்?" வெப்ப அலையின் டிகிரிகளில் பெரும்பகுதி இயற்கையான காற்றழுத்த அமைப்பால் வரலாம். மேலே சேர்ந்த ஒன்றிரண்டு டிகிரி அந்த எல்லையைத் தாண்டும் வாய்ப்பைப் பல மடங்காக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

வெப்ப அலையில் கணக்கு கொஞ்சம் சுலபம். மழையில் கடினம். ஒரு டிகிரிக்குக் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும் என்பது இயற்பியல். ஆனால் அந்த ஈரம் எங்கே, எப்போது கொட்டும் என்பது காற்றோட்டத்தின் விஷயம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவைக் கொண்டுவந்த மழை, காலநிலை மாற்றத்தால் சுமார் 10 சதவீதம் கூடியிருக்கிறது என்றது உலக வானிலை காரண ஆய்வுக் குழு. மலைப்பகுதி, சின்னப் பரப்பு என்பதால் நிச்சயமின்மை அதிகம் என்பதையும் சேர்த்தே சொன்னது. செய்திகளில் 10 சதவீதம் வந்தது, நிச்சயமின்மை வரவில்லை.

இனி சென்னை. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. அப்போது பாரிஸில் காலநிலை மாநாடு நடந்துகொண்டிருந்தது. சென்னையைக் காட்டி அங்கே பேசினார்கள், இங்கேயும் பேசினோம். பிறகு நெதர்லாந்தின் வானிலை ஆய்வாளர் கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க், ஓட்டோ, டெல்லி ஐஐடியின் கிருஷ்ணா அச்சுதராவ் உள்ளிட்டோர் இதே இரட்டை உலகக் கணக்கைச் சென்னை மழைக்குப் போட்டார்கள். 2016இல் வெளியான பதில்: ஒரு நாளில் இவ்வளவு மழை பெய்யும் வாய்ப்பைப் புவி வெப்பமாதல் கூட்டியதற்கான தடம் தெரியவில்லை.

இந்த முறையை நம்புவதற்கு எனக்கு இதைவிட நல்ல காரணம் தெரியாது. எல்லாவற்றுக்கும் "ஆமாம்" சொல்லும் கருவியாக இருந்திருந்தால், உலகமே "ஆமாம்" எதிர்பார்த்த ஒரு மழைக்கு "இல்லை" என்று சொல்லியிருக்காது. அது சொன்னது மழையைப் பற்றி மட்டும்; வெள்ளத்தைப் பற்றி அல்ல. அன்றிரவு செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை பின்னர் அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. ஆற்றங்கரையிலும் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் எழுந்த கட்டடங்களைக் கண்டறிய இரட்டை உலகம் ஓட்ட வேண்டியதில்லை.

ஆய்வாளர்கள் இன்னொன்றும் கவனித்தார்கள். சென்னைக்கு மழை கொண்டுவரும், வங்காள விரிகுடாவின் மேற்குப் பகுதி நீர்ப்பரப்பு, அதற்கு முந்தைய 35 ஆண்டுகளில் சூடாகவே இல்லை. உலகக் கடல்கள் சூடாகும்போது இது மட்டும் ஏன்? துணைக்கண்டத்தின் புகைக் குடை, வாயுக்களின் சூட்டை அங்கே ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன ஒரு விளக்கம். அது சரியென்றால், நாம் காற்றைச் சுத்தம் செய்யச் செய்ய, மறைந்திருந்த சூடு கடலில் வெளிப்படும். புகை சில நாளில் மழையோடு கரைந்துவிடும், கரியமில வாயுவோ நூற்றாண்டுகள் தங்கும். ஆகவே 2016இல் வந்த பதில் அந்த ஒரு மழைக்கானது. சோழிங்கநல்லூரிலோ கடலூரிலோ அடுத்த பெருமழை கொட்டும்போது, அதே கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி போட வேண்டியிருக்கும்.